வீரம்மாவின் ஆட்டோக் கூலி

கொட்டகலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலை ஆலையில் கொழுந்து உருட்டும் ரோலரை ஓட்டுபவன் கஜேந்திரன். வேலையில்லாத நேரத்தில் ஆட்டோ. தொழிலாளர் லயத்தில் அடுத்த காம்பரா வீட்டில் இருக்கும் வீரம்மாவை நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் காசு வாங்காமல் கூட்டிப்போய் வருவதால் அவனுக்கு ஏக மரியாதை. பீலியில் தண்ணீர் பிடிக்கும் பெண்கள் அவனைப் புகழ ஆரம்பித்தால், பாதி வாளியோடு நகர்ந்துவிடுவான்.

ரோலரைப் போடுமுன் "வெலகுங்க" என்று சத்தம் கொடுப்பது அவன் பொறுப்பு. சில மாதங்களுக்கு முன் ஒருநாள் போனில் வந்த ஏதோ வீடியோவுக்குச் சிரித்தபடியே சுவிட்சை அழுத்திவிட்டான். உள்ளே ஒட்டிய கொழுந்தை வழித்துக்கொண்டிருந்த வீரம்மாவுக்கு வலக்கையின் நடு விரல்கள் மூன்றும் போயின. தோட்டத்து ஆபீசில் விசாரித்தபோது, தானே அவசரப்பட்டுக் கையை விட்டதாகச் சொன்னாள். அவள் அப்படித்தான் நம்புகிறாள் என்று கஜேந்திரன் நினைத்துக்கொண்டான். அப்படி நினைப்பது வசதியாகவும் இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த செலவைத் தோட்டம் திருப்பித் தருமாம், ஆட்டோக்காரர் காசு வாங்கியதாகக் கையெழுத்துப் போட வேண்டுமாம் என்று ஒரு சாயங்காலம் தாளோடு வந்து நின்றாள் வீரம்மா.

"நான்தான் வாங்கவே இல்லியேக்கா. எப்படிப் பொய்க் கையெழுத்துப் போடுறது?"

வீரம்மா தாளை அவன் முன்னால் வைத்தாள்.

"பெரிய அரிச்சந்திரன். அன்னைக்கு நீ சத்தம் குடுக்கல, கஜேந்திரா. எங் காது நல்லாத்தான் இருந்துச்சு."

கஜேந்திரன் இப்போதே ஆபீசில் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதாக எழுந்தான்.

"சொன்னா? ஒன் வேலை போகும். என் வெரலு மொளைக்குமா? ஒம் புள்ளைங்க பட்டினி கெடக்கவா நான் மறைச்சேன்? போடு."

போட்டான்.

பணம் வந்த அன்று நேரே ஆட்டோவுக்கு வந்தாள். இடக்கையால் காசு கொடுக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே நோட்டுகளை இடுக்கி, அந்த வலக்கையையே நீட்டினாள். அவன் வேண்டாமென்று பின்னால் நகர்ந்தான். நோட்டுகள் நழுவத் தொடங்கின.

"பிடிடா, விழுது. நமக்குள்ள ஒரு பொய் போதும்."

இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டான்.

மறுநாளே பீலியில் பேச்சு மாறிவிட்டது. இத்தனை நாள் சும்மா ஏற்றுவதுபோல ஏற்றி, கைபோன பொம்பளையிடம் மொத்தமாகக் கறந்துவிட்டானாம், எமகாதகன். அவன் காதில் விழட்டும் என்றுதான் பேசினார்கள். வாளி நிரம்பும்வரை கஜேந்திரன் அங்கேயே நின்றான்.