கசடுக்குள் ஆறு ஊசிகள்

கிரேக்கக் கடலோர ஊரான லாவ்ரியோவில் எவாந்தியாவின் சலூனுக்குப் போகிற பெண்கள் அவசர வேலை எதையும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். மூலையில் ஒரு மைக்ராஸ்கோப் இருக்கிறது. வந்தவர் தலையில் சாயம் ஊறும் நேரத்தில் எவாந்தியா அதில் கண்ணை வைத்தால், அவளை மீட்பது கஷ்டம்.

"அடியே, தலை வேகுது!" என்று மீன்கடை மெர்சினா கத்துவாள்.

"வேகட்டும்டி. நரை இன்னும் போகல."

அவள் பார்ப்பது கசடு. பழங்காலத்தில் இங்கே வெள்ளி உருக்கியவர்கள் மிச்சக் கருங்கட்டிகளைக் கடலோரம் கொட்டினார்கள். உப்புநீர் அவற்றின் துளைகளில் புகுந்து, இரண்டாயிரம் ஆண்டுகளாக யார் கண்ணிலும் படாமல் படிகம் வளர்த்தது. எவாந்தியாவுக்கு முப்பது வயதானபோது, முடிவெட்ட வந்த பல் மருத்துவர் மினாஸ் ஒரு கசடுக்கட்டியையும் லென்ஸையும் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். குண்டூசித் தலையளவு துளைக்குள் பச்சைத் தூண்கள் நிறைந்த மண்டபம். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் எவாந்தியாவைத் தேவாலயத்தில் பார்க்க முடிவதில்லை, கடற்கரையில் பார்க்கலாம்.

போன குளிர்காலத்தில் ஒரு கட்டியை உடைத்தாள். உள்ளே ஆறு படிக ஊசிகள், வெளிர்நீலம், நட்சத்திரமாக விரிந்திருந்தன. எந்தப் புத்தகத்திலும் அப்படி ஒன்று இல்லை. வாய் மூடாத மினாஸ் பார்த்த கையோடு ஏதென்ஸ் ஆய்வுக்கூடத்துக்குப் போன் போட்டார்.

அங்கே சொன்ன பதில் இதுதான். என்னவென்று சொல்ல ஐந்து ஊசிகளாவது வேண்டும். பொடித்துத்தான் பார்க்க முடியும்.

"பொடிச்சிட்டா அப்புறம் எதைப் பாக்குறது டாக்டர்?" என்று மினாஸிடம் கேட்டாள் எவாந்தியா.

"புதுக் கனிமம்னா உங்க பேரையே வைப்பாங்கம்மா. எவாந்தியைட்!"

"முடி கொட்டுறதுக்குத் தர்ற மருந்து மாதிரி இருக்கு."

சிரித்தாளே தவிர, வாரக்கணக்கில் தூக்கமில்லை. அழகை வைத்துக்கொள்வதா, அது என்னவென்று அறிவதா? கடைசியில் மெர்சினாவின் நரைமுடி ஒன்றைத் தீக்குச்சியில் ஒட்டி, மூச்சடக்கி, ஐந்து ஊசிகளைத் தானே பிரித்தெடுத்து அனுப்பினாள்.

ஆய்வுக்கூடத்திலிருந்து பதில் போனில் வந்தது. மெர்சினாவின் தலையில் அப்போதுதான் சாயம் பூசியிருந்தாள்.

"உலகத்துல எங்கயும் பதிவாகாத பொருள்மா. ஆனா கனிமம்னு பேர் வைக்க முடியாது. கசடு மனுஷன் போட்டது. இயற்கை தானா உண்டாக்கினதைத்தான் இப்ப ஏத்துக்குறாங்க."

எவாந்தியா போனை வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"அப்ப கடல்தண்ணிய யாரு ஊத்துனானாம்?" என்று சீறினாள் மெர்சினா.

எவாந்தியா அவள் கையைப் பிடித்து மைக்ராஸ்கோப் முன் உட்கார வைத்தாள். இத்தனை வருடத்தில் மெர்சினா அதில் பார்த்ததே இல்லை. கறுப்புக் குகையின் சுவரில் மிஞ்சியிருந்த ஒற்றை நீல ஊசி, தனக்குள்ளிருந்தே ஒளி வருவதுபோல் நின்றது.

மெர்சினா இன்னும் குனிந்தாள். பிறகு கேட்டாள்: "இது இவ்வளவு காலமும் இருட்டுலயா இருந்துச்சு?"

"ஆமா. எந்திரி, கழுவணும். தலை வெந்துடும்."

"வேகட்டும்டி," என்றாள் மெர்சினா, கண்ணை எடுக்காமல்.