மாப்பிள்ளையின் தொட்டி

அம்மா பார்லர் வைத்திருந்தாள். வீட்டின் முன்னறைதான் கடை. இரண்டு நாற்காலி, இரண்டு கண்ணாடி, தலை கழுவ ஒரு பேசின். மூன்றாவது நாற்காலி போட வேண்டிய இடத்தில் ஒரு தொட்டி. அதில் மாப்பிள்ளை இருந்தார்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆகவே இதை விளக்க வேண்டும்.

கடைக்கு வருகிற ஒரு அம்மாளின் மகன் ஆசைப்பட்டு ஓர் ஆக்சலாட்டல் வாங்கினான். தண்ணீரிலேயே பிறந்து தண்ணீரிலேயே வாழ்ந்து முடிக்கும் பிராணி. ஒரு சாண் நீளம், நாலு கால், ஒரு வால். செவுள்கள் தலைக்கு வெளியே இறகு இறகாக நீட்டிக்கொண்டிருக்கும். பையனுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது, போய்விட்டான். அந்த அம்மாள் தலைக்கு டை போட்டுக்கொண்டே புலம்பினாள்.

"எனக்கு அதைப் பார்த்தாலே குமட்டுது. ஏதாவது குளத்துல விட்டுடலாம்னு இருக்கேன்."

"குளத்துல விட்டா செத்துடும்க்கா. இங்க கொண்டாங்க, பார்ப்போம்" என்றாள் அம்மா.

அதுவரை அம்மா ஒரு பூனைகூட வளர்த்ததில்லை. மறுநாள் அது வாளியில் வந்து இறங்கியது. மூடியைத் திறந்ததும் அம்மா எனக்குப் போன் செய்தாள். பேச முடியாமல் சிரித்தாள்.

"ஏய், இதுக்குத் தலைமுடி எப்படி நிக்குது தெரியுமா? சரியான கடைக்குத்தான் வந்திருக்கு."

பெயரும் அன்றே வந்துவிட்டது.

"வேலைக்குப் போகாது. குளிர் கொஞ்சம் குறைஞ்சா முகம் வாடிடுது. வாய்கிட்ட கொண்டுபோய்க் கொடுத்தாத்தான் சாப்பிடுது. என்ன கேட்டாலும் பதில் சொல்லாம இளிச்சுக்கிட்டே இருக்கு. மாப்பிள்ளைன்னு கூப்பிடாம வேற என்னன்னு கூப்பிட? நீயா ஒருத்தரைக் கொண்டு வர்ற மாதிரி தெரியல. நானே பார்த்துக்கிட்டேன்."

நான் நகரத்தின் கழிவுநீர் நிலையத்தில் பொறியாளர். அழுக்குத் தண்ணீரைக் கிருமிகளை வைத்துச் சுத்தமாக்குவது என் வேலை. விடுமுறைக்கு வந்து தொட்டி வைத்துக் கொடுத்தேன். அம்மா ஏற்கெனவே கலர் கலராகக் கூழாங்கல் வாங்கி வைத்திருந்தாள். வேண்டாம் என்றேன். அது வாயைத் திறந்தால் எதிரில் இருப்பது மொத்தமும் உள்ளே போகும். கல்லை விழுங்கினால் வயிறு அடைத்துக்கொள்ளும். அடியில் மெல்லிய மணல் மட்டும் போட்டோம். ஒளிந்துகொள்ள ஒரு மண் பூந்தொட்டியைப் படுக்க வைத்தோம். வெளிச்சம் அதற்கு ஆகாது, கண்ணை மூட இமை கிடையாது. அம்மா முடி வெட்டும்போது வாடிக்கையாளர் கழுத்தில் கட்டும் கறுப்புத் துணியை எடுத்துத் தொட்டியின் ஒரு பக்கம் தொங்கவிட்டாள். "மாப்பிள்ளைக்குக் கட்டிங்" என்றாள்.

குளிருக்கு ஏசி இருந்தது. தண்ணீரின் மேல் வீச ஒரு சின்ன மின்விசிறியும் வைத்தேன். வாடிக்கையாளர்கள் வியர்த்தால் அம்மா பொறுத்துக்கொள்வாள். தண்ணீர் சூடேறினால் பொறுக்க மாட்டாள். ஹேர் ஸ்ப்ரே அடிப்பது மட்டும் பின்கட்டுக்கு மாறியது. அலங்காரம் முடிந்த பெண்கள் துணி காயும் கொடிக்குக் கீழே கண்ணை மூடிக்கொண்டு நின்றார்கள்.

கடைசியாக வடிகட்டி. காற்றுக் குழாயில் செருகிய ஒரு பஞ்சு, அவ்வளவுதான்.

"பிராணி கழிக்கிறது தண்ணியில அம்மோனியாவா சேரும்மா. அது விஷம். இந்தப் பஞ்சுல நல்ல கிருமிங்க குடியேறி அதைத் தின்னு மாத்திடும். குடியேற வாரக்கணக்கா ஆகும். முதல்ல கொஞ்சம் அம்மோனியா போட்டு அதுங்களை வளர்க்கணும்."

"அம்மோனியாவா? அது நம்ம டையிலயே இருக்கே. முப்பது வருஷமா ஊர் தலையில தடவுறேன். ஒரு டியூப் பிதுக்கட்டுமா?"

"அம்மா!"

"சும்மா கேட்டேன்டி. அப்போ இது தயிருக்கு உறை ஊத்துற மாதிரி."

"கிட்டத்தட்ட."

"அப்படிச் சொல்லு. இதுக்குப் போய் ஒரு பட்டப்படிப்பா?"

சுத்தமான அம்மோனியாவை நான் ஆய்வுக்கூடத்திலிருந்து கொண்டு வந்தேன். தொட்டி தயாராகும் வரை மாப்பிள்ளை ஒரு பிளாஸ்டிக் டப்பில் இருந்தார். அம்மா தினமும் தண்ணீர் பிடித்து, மருந்துச் சொட்டு விட்டுக் குளோரினைப் போக்கி, ஆறவைத்து மாற்றினாள். தொட்டித் தண்ணீரில் அம்மோனியாவைச் சோதிக்கும் டெஸ்ட் டியூபில் பச்சை தெரிந்தால் ஆபத்து, மஞ்சள் தெரிந்தால் நிம்மதி. டியூபைக் குழல்விளக்கின் கீழே பார்க்க அவள் ஒப்பவில்லை. "லைட்டு வெளிச்சத்துல கலர் பொய் சொல்லும்" என்று ஜன்னலுக்கு எடுத்துப் போவாள். டை கலக்கும்போதும் அதே ஜன்னல்தான். பிறகு எனக்குப் போன்.

"இன்னிக்கு லேசான பச்சை. நரைச்ச தலையில மருதாணி சரியா ஏறாத மாதிரி ஒரு ரெண்டுங்கெட்டான்."

ஒரு நாள் மஞ்சள் வந்தது. மாப்பிள்ளை குடிபுகுந்தார்.

மண்புழு அம்மாவுக்கு அருவருப்பு. ஆனாலும் பின்கட்டில் ஒரு வாளி மண்ணில் புழு வளர்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு பழைய கத்தரியால் நறுக்குவாள். நுனி மழுங்கிய இடுக்கியில் பிடித்து நீட்டுவாள். "சாப்பிடுங்க மாப்பிள்ளை, வெட்கப்படாதீங்க." லபக்கென்று ஒரே இழுப்பு. நாற்காலியில் தலையில் நுரையோடு இருப்பவர்கள் கைதட்டுவார்கள்.

எதிர்ப்பக்கம் தையல் கடை வைத்திருக்கும் அத்தை, கைதட்டியதோடு நிற்காமல் தானும் தங்கமீன் வாங்கினாள். அம்மா மாப்பிள்ளையின் பஞ்சில் பாதியை வெட்டி, தொட்டித் தண்ணீரோடு டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். "உறைக்குக் கொடுத்தேன்" என்று எனக்குத் தகவல் வந்தது. வெட்டிய இடத்தில் புதுப் பஞ்சைச் சொருகினாள். கொஞ்ச நாளில் அதுவும் பழுப்பேறியது.

ஒரு நாள் காலை, கடை திறக்கும் நேரம். அம்மா வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் அதில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. உடன் வேலை பார்க்கும் சுருளக்கா ஓடி வருவதற்குள் முடிந்துவிட்டது. இதயம் என்றார்கள்.

சுருளக்காவுக்கு அந்தப் பெயரை வைத்ததும் அம்மாதான். எந்த மருந்துக்கும் நேராகாத முடி. அவள் அம்மாவை அக்கா என்பாள். நான் அவளை அக்கா என்பேன். அவள் என்னை இன்னும் பாப்பா என்பாள்.

சொந்தக்காரர்கள் வந்தார்கள், போனார்கள். நான் பின்னறையில் படுத்துக் கிடந்தேன். மாப்பிள்ளைக்குப் புழு கொடுத்தது சுருளக்காதான். பிறகு ஒரு நாள் அவள் வந்து கூப்பிட்டாள்.

"பாப்பா, அவரு சாப்பிட மாட்டேங்குறாரு. துப்புறாரு. அக்காவைத் தேடுறாருன்னு நினைக்கிறேன்."

எழுந்து போய்ப் பார்த்தேன். செவுள் இறகுகள் சுருங்கியிருந்தன. வால் நுனி மடங்கியிருந்தது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனாலும் தண்ணீரைச் சோதித்தேன்.

கரும்பச்சை.

வடிகட்டியைத் தூக்கிப் பார்த்தேன். பஞ்சு கடையில் வாங்கியது போல வெளுத்திருந்தது.

"சுருளக்கா, இதை என்ன பண்ணீங்க?"

"கழுவினேன் பாப்பா. எவ்வளவு அழுக்கு தெரியுமா! சீப்பு, கத்தரி எல்லாத்தையும் ப்ளீச்சிங் தண்ணியில ஊறப்போட்டேன். இதையும் சேர்த்துப் போட்டேன். அப்புறம் நல்லா அலசி வெயில்ல காயவச்சுத்தான் மாட்டினேன். அக்கா இல்லாத கடைன்னு யாரும் ஒரு சொல் சொல்லிடக் கூடாதில்ல?"

அம்மா அவளுக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடமே அதுதான். ஒரு தலையில் பட்டது இன்னொரு தலையில் படக் கூடாது. பஞ்சை மட்டும் அம்மா தானே பார்த்துக்கொண்டாள், தொட்டித் தண்ணீரிலேயே லேசாகப் பிழிந்து. அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டிய தேவை வரவில்லை.

நான் விஷயத்தைச் சொன்னேன். சுருளக்கா வெளுத்த பஞ்சைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"கொன்னுட்டேனா?"

"இல்லக்கா. இன்னும் இல்ல. அந்த டப்பை எடுங்க."

மாப்பிள்ளை பழைய டப்புக்குப் போனார். தண்ணீர் பிடித்தோம், சொட்டு விட்டோம், ஆறவைத்தோம், மாற்றினோம். அவர் அடியில் அசையாமல் கிடந்தார். கிருமிகளைத் திரும்ப முதலிலிருந்து வளர்க்கலாம், எனக்குத் தெரிந்த வேலை. ஆனால் வாரக்கணக்காகும். அதுவரை தினமும் தூக்கி, மாற்றி, மறுபடி விட்டு, இந்த நிலையில் அவர் தாங்குவாரா என்பது சந்தேகம். அம்மா வளர்த்ததில் மிச்சம் நாங்கள் இருவர்தான். மாப்பிள்ளையும் நானும். எனக்கு டப்பின் பக்கத்திலிருந்து எழுந்திருக்கவே மனம் வரவில்லை.

சுருளக்காதான் சட்டென்று கேட்டாள்.

"பாப்பா, தையல்காரம்மாகிட்ட பாதி இருக்கே?"

எனக்கு ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை. செருப்புகூடப் போடாமல் தெருவைத் தாண்டினேன்.

அத்தை தைத்துக்கொண்டிருந்தாள். அவள் தொட்டித் தண்ணீரை முதலில் சோதித்தேன். ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். சுத்தமான மஞ்சள். மீன்கள் கொழுகொழுவென்று இருந்தன. மூலையில், பழுப்பாக, வழவழவென்று அம்மா வெட்டிக் கொடுத்த துண்டு.

"கழுவிட்டீங்களா அத்தை?"

"எங்க? கழுவினா கையை வெட்டிடுவேன்னு சொல்லிட்டில்ல போனா உங்கம்மா."

விஷயத்தைச் சொன்னதும் அத்தை தன் பெரிய கத்தரியை எடுத்தாள். சாக்பீஸ் கோடு போடாத குறையாக அளந்து, சரிபாதியாக வெட்டினாள். டிபன் டப்பாவில் தொட்டித் தண்ணீர் மொண்டு அதில் போட்டாள். ஊசி நூலும் எடுத்துக்கொண்டு என்னோடு வந்தாள்.

"வேண்டாம் அத்தை, நானே கொண்டு போறேன். கடையைப் பாருங்க."

"சும்மா இரு. மாப்பிள்ளை வீட்டுக்கு வெறுங்கையோட வரக் கூடாதுன்னுதான் இத்தனை நாள் நானும் வராம இருந்தேன்."

அவள் எனக்கு முன்னால் தெருவைத் தாண்டினாள்.

வெளுத்த பஞ்சைத் தூக்கிப் போட்டுவிட்டு, வாங்கி வைத்திருந்த புதுப் பஞ்சை எடுத்தேன். அத்தை அதன்மேல் பழைய துண்டை வைத்து, நைலான் நூலால் சுற்றித் தைத்தாள். பிழியாமல், உலரவிடாமல். சுருளக்கா டப்பாவை அடியில் ஏந்திக்கொண்டு நின்றாள். ஒரு சொட்டு கீழே விழுந்ததற்கு அத்தை அவளை முறைத்தாள். தொட்டியில் புதுத் தண்ணீர் நிரப்பி, வடிகட்டியை இறக்கினேன். குமிழிகள் வந்தன. ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த பாட்டிலில் மிச்சமிருந்த அம்மோனியாவை அளந்து விட்டேன். கிருமிகளுக்குச் சாப்பாடு. அவை சாப்பிட்டுக் காட்ட வேண்டும்.

முதலில் பச்சை. பிறகு லேசான பச்சை. சுருளக்கா ஒவ்வொரு முறையும் என் தோளுக்குப் பின்னால் நின்று ஜன்னலில் பார்த்தாள்.

"இது அக்கா சொல்ற மருதாணிக் கலரு."

"ஆமா."

ஒரு காலையில் அவள் முன்னால் வந்தாள். டியூபை என் கையிலிருந்து வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். அதைக் கொட்டிவிட்டு இன்னொரு முறை சோதிக்கச் சொன்னாள். இரண்டாவதும் மஞ்சள்.

இரு கையாலும் ஏந்தி மாப்பிள்ளையைத் தொட்டியில் விட்டேன். கொஞ்ச நேரம் மணலில் அப்படியே கிடந்தார். பிறகு ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து நடந்து, பூந்தொட்டிக்குள் போய்த் திரும்பி, தலையை மட்டும் வெளியே நீட்டினார். சுருளக்கா கறுப்புத் துணியைத் தொங்கவிட்டாள்.

கடை திறந்தோம். இப்போது அதை நடத்துவது சுருளக்காதான். விடுமுறைக்கு நான் வருகிறேன். போன தடவை ஒரு புது வாடிக்கையாளர் தலையில் நுரையோடு தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடை எல்லாம் பளிச்சுன்னு இருக்கு. அந்தப் பஞ்சு மட்டும் ஏங்க அவ்வளவு அழுக்கா இருக்கு? கழுவக் கூடாதா?"

சுருளக்கா சீப்பை நிறுத்தினாள்.

"அது அழுக்கில்லக்கா. எங்கக்கா போட்ட உறை. கை வச்சீங்க, இப்படியே பாதித் தலையோட வெளியில அனுப்பிடுவேன்."

அந்த அம்மாள் சிரித்தார். நான் பழைய கத்தரியை எடுத்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, புழு நறுக்கப் பின்கட்டுக்குப் போனேன்.