யாருக்கு ரொம்ப முடியலை?

எங்கள் அண்ணி வீரம்மாளை ஊரில் ராங்கிக்காரி என்பார்கள். ரேஷன் கடையில் எடை குறைந்தால் கடைக்காரரை மறுபடி நிறுக்க வைக்காமல் நகர மாட்டாள். எனக்கும் அவளுக்கும் ஆயிரம் சண்டை உண்டு. ஆனால் 1986 மாசியில் அவள் போட்ட சண்டையில் நியாயம் முழுக்க அவள் பக்கம்தான்.

அவள் புருஷன், என் அண்ணன் சக்கரபாணி, திருவக்கரைப் பக்கம் கல் உடைத்து உடைத்து நெஞ்சு நிறையத் தூசி சேர்த்துக்கொண்டவர். நாலு எட்டு வைத்தால் இளைப்பு வந்துவிடும். அன்று காலை உதடு நீலம் பாய்ந்துவிட்டது. திண்டிவனத்துக்குக் கூட்டிப்போகலாம் என்றால், அந்த நிலையிலும் குளித்து, சலவைச் சட்டை மாட்டி, திருநீறு பூசிக்கொண்டுதான் வண்டி ஏறினார். டாக்டர் முன்னால் அழுக்காகப் போய் நிற்பது எங்கள் ஆட்களுக்கு மரியாதைக் குறைவு. அந்த மரியாதையை நெருப்பில்தான் போட வேண்டும்.

ஆஸ்பத்திரி பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே ஒரே ஒரு ஆக்சிஜன் சிலிண்டர்தான் மிச்சமிருந்தது. பக்கத்துக் கட்டிலில் தட்சிணாமூர்த்தி என்ற ரைஸ்மில்காரர். அவருக்கும் இளைப்புதான். சொந்தக்காரர்கள் சுற்றி நின்று குய்யோ முறையோ என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் வந்தார். "யாருக்கு ரொம்ப முடியலையோ அவங்களுக்குத்தான் வைப்பேன்" என்றார். நல்ல பேச்சு. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

டாக்டரைக் கண்டதும் அண்ணன் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"எப்படிப்பா இருக்கு?"

"பரவாயில்லீங்க."

டாக்டர் நர்ஸ் பக்கம் திரும்பினார். "இவரு நிக்கிறாரு, பேசறாரு. அவருக்கு வைங்க."

அண்ணி குறுக்கே பாய்ந்தாள். "உங்களுக்கு மரியாதை குடுக்கத்தான் நிக்கிறாரு! எங்க ஆளுங்க சாவக் கிடந்தாலும் பரவாயில்லன்னுதான் சொல்வாங்க. கழுத்துல மாட்டிக்கினு இருக்கீங்களே, அத அவரு நெஞ்சுல ஒரு தடவ வெச்சிப் பாருங்க!"

"ஏம்மா, இது ஆஸ்பத்திரியா சந்தையா?" என்றார் டாக்டர்.

அவர் அதைச் சொன்னதும் அண்ணன் கையைக் கூப்பினார். "அவ... கோவக்காரிங்க... மனசுல... வெச்சிக்காதீங்க" என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னார். சொல்லி முடித்து உட்கார்ந்தார். அப்படியே அண்ணியின் மேல் சாய்ந்துவிட்டார். டாக்டர் ஓடிவந்து நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார். இனி பார்த்து என்ன, பார்க்காமல் என்ன!

ரைஸ்மில்காரர் அன்று சாயந்திரமே எழுந்து உட்கார்ந்து இட்லி தின்றாராம். நன்றாக இருக்கட்டும். அவர் நோவு பொய்யில்லை. ஆனால் யாருக்கு அதிகம் என்று கண்ணால் பார்த்து, காதால் கேட்டு முடிவுசெய்த அந்தப் படித்த மனுஷனை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

எழவு வீட்டில் காணையிலிருந்து வந்த கிருஷ்ணவேணி சித்தி, "ஒருத்தர அதிர்ந்து பேசாத மனுசன், தங்கமானவரு" என்று அண்ணியைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அண்ணி அவளை உதறித் தள்ளினாள். "தங்கமாம் தங்கம்! இருந்ததே கொஞ்சூண்டு மூச்சு. கூட வாழ்ந்தவ பக்கத்துலயே நிக்கிறேன், எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. அந்த மூச்சையும் டாக்டருகிட்ட மன்னிப்புக் கேக்க செலவு பண்ணிட்டுப் போயிட்டாரு, பாவி மனுசன்!"