பெருஞ்சுவரில் ஏற ஒரு ஜோடி பூட்ஸ்

மில்லுக்கு மெஷின் வாங்க என் கணவர் சீனா வழியாக ஜப்பான் போகிறார். கூடவே நானும் போகிறேன். குளிருக்குக் கம்பளிச் சட்டை வாங்க இன்று கோயமுத்தூர் போனோம்.

கம்பளியோடு பூட்ஸும் விற்கும் கடைக்கார பாய் ஒரு காலத்தில் பட்டு வாங்கப் பீக்கிங் வரை போய்வந்தவர்.

"அரண்மனையைப் பாருங்க. நீல ஓடு போட்ட வட்டக் கோயில் ஒண்ணு இருக்குதுங்க. ஊருக்கு வெளியே பெருஞ்சுவர், அதை மட்டும் விட்டுப்போடாதீங்க," என்று என் கணவரிடம் சொன்னார்.

"சுவருக்கு நான் மட்டும் போறனுங்க. இவ ஓட்டல்லயே இருந்துக்குவா," என்றார் கணவர்.

எனக்கு இது புதுச் செய்தி. அத்தனை தூரம் கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டு போவது ஓட்டல் ஜன்னலைப் பார்க்கவா?

"ஏனுங்க பாய், பொம்பளைங்க அதுல ஏறறதில்லீங்களா?" என்று நானே கேட்டேன்.

"ஏறறாங்க அம்மணி. படிதான் செங்குத்து. பூட்ஸ் போட்டா வழுக்காதுங்க."

"அப்ப என்ற காலுக்கு ஒரு ஜோடி எடுங்க."

கணவர் குனிந்து என் காலைப் பார்த்தார். பிறகு, "ஒரு அளவு பெருசா எடுங்க பாய். உள்ளே கம்பளிக் காலுறை போடோணும்," என்றார்.

இப்போது வீட்டுக்குள் நடந்து பழகுகிறேன். சத்தம் தாங்கவில்லை என்கிறார் மாமியார்.

சேலையோடு மலையேறியவர்கள் யாராவது சொல்லுங்கள்: கொசுவத்தை என்ன செய்தீர்கள்?