எருதுக்குக் கொடுத்த சான்றிதழ்

மனித எலும்பு கிடைத்தால் பொலிசுக்கு அறிவிக்க வேண்டும். பழைய பொருள் கிடைத்தால் தொல்பொருள் திணைக்களத்துக்கு. மாடு செத்தால் மிருக வைத்தியருக்கு. மூன்றும் ஒரே குழிக்குள் கிடைத்தால் யாருக்கு என்று எந்தச் சுற்றறிக்கையும் சொல்லவில்லை. மனைவியோடு இருந்ததைவிடச் சுற்றறிக்கைகளோடு அதிகம் இருந்தவன் என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

யுத்த காலம். வாவிக்கு மேற்கே, வெல்லாவெளிப் பக்கத்தில் ஓர் அரச அலுவலகத்தில் வேலை. ஒரு நாள் காலை, சேறு காயாத காலோடு ஒரு விவசாயி என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். வயல் வட்டையின் ஓரத்து மேட்டில் கிணறு வெட்டியிருக்கிறார். ஆளுயர ஆழத்தில் பெரிய மண்தாழி ஒன்று. அதற்குள் மனித எலும்பு. தாழியை ஒட்டினாற்போல் ஒரு மாட்டின் எலும்புக்கூடு முழுசாகக் கிடக்கிறதாம்.

அந்த நாட்களில் நிலத்துக்குள்ளிருந்து மனித எலும்பு வந்தால், யார் புதைத்தது என்பதுதான் முதல் கேள்வி. தோண்டியவனே அதற்குச் சுலபமான பதில். அவருடைய ஊரிலிருந்து விசாரணைக்கென்று கூட்டிப்போன இருவர் இன்னும் விசாரிக்கப்பட்டுக்கொண்டே இருந்தார்கள். மூடிவிடலாம் என்றால், கிணறு வெட்ட வந்தவர்கள் அதற்குள் ஊரெல்லாம் சொல்லி முடித்திருந்தார்கள்.

பக்கத்துக் கட்டடத்தில் இருந்த மிருக வைத்தியர் என் நண்பர். சோம்பலில் எனக்கு மூத்தவர். அவரையும் இழுத்துக்கொண்டு போனேன். குழிக்குள் முதலில் இறங்கியது விவசாயிதான். எருதின் கீழ்த்தாடையைத் தொட்டுக் காட்டி, வைத்தியருக்கே பாடம் எடுத்தார்: பல் தேய்ந்து கட்டையாகிவிட்டது, நன்றாக வயது போன மாடு, காலெலும்பு அகன்றிருக்கிறது, ஏர் இழுத்த மாடு, வெட்டுக்காயம் ஒன்றுமில்லை.

"இவ்வளவு வயசாகும் மட்டும் வெச்சிப் பாத்தவன் நல்லவனா இரிக்கோணும் ஐயா," என்றார்.

வைத்தியர் தாழியின் ஓட்டுத் துண்டையும் இறுகிப்போன மண்ணையும் சுரண்டிப் பார்த்துவிட்டு, இது நம் பாட்டன் பூட்டன் காலத்துக்கெல்லாம் முந்தியது என்றார். அப்போதுதான் எனக்கு வழி தெரிந்தது. மனிதனைப் பற்றிச் சான்று சொல்ல எங்களுக்கு அதிகாரம் இல்லை. அந்தக் காலத்தில் அதிகாரம் இருந்தவர்களுக்கும் துணிவு இல்லை. ஆனால் எருதைப் பற்றி வைத்தியர் என்ன எழுதினாலும் அது அரச ஆவணம்.

சான்றிதழ் எழுதினார். எருது, உழவு மாடு, முதுமையால் மரணம், காலம் மிகப் பழையது. கடைசி வரியில், அடையாளம் தெரியாத ஒருவருடன் ஒரே வேளையில் புதைக்கப்பட்டது என்று சேர்க்க வைத்தேன். எருது பழையது என்றால் பக்கத்தில் கிடப்பவனும் பழையவன். நான் முகப்புக் கடிதம் வைத்தேன். தேவைக்கு மேல் பிரதியும் எடுத்தேன்.

பொலிஸ் நிலையத்துக்கு மூவரும் போனோம். பொறுப்பதிகாரி இரண்டு தரம் வாசித்தார். மனிதன் எப்படிச் செத்தான் என்று கேட்டார். கோவைத் தாள்களில் அந்த விபரம் இல்லை என்றேன். தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, எருது களவு மாடாக இருக்குமோ என்று சிங்களத்தில் கேட்டார். நான் அதைத் தமிழில் சொன்னதும், அதுவரை என் முதுகுக்குப் பின்னால் நின்ற விவசாயிக்குக் கோபம் வந்துவிட்டது.

"களவெடுத்த மாட்டோட ஆராவது ஒரு குழிக்குள்ள படுப்பானா ஐயா?"

"இல்லையாம்," என்று சிங்களத்தில் மொழிபெயர்த்தேன்.

அதிகாரி முத்திரையைக் குத்தினார். இது பொலிஸ் விடயம் அல்ல, தொல்பொருள்காரர் வரும்வரை குழியை மூடிவை, வேறிடத்தில் கிணறு வெட்டு என்றார். வீட்டுக்குப் போகலாம் என்றும் சொன்னார். அந்தக் கடைசி வசனத்துக்காகத்தான் நாங்கள் வந்திருந்தோம்.

வெளியே வந்ததும் விவசாயி வேலியோரமாகக் குந்திவிட்டார். சான்றிதழை வாசித்துக் காட்டச் சொன்னார். எருதின் வயதையும் தொழிலையும் கேட்டுத் தலையாட்டினார். 'அடையாளம் தெரியாத ஒருவர்' என்ற இடம் வந்ததும் நிறுத்தினார்.

"மாட்டுக்காரன் எண்டு போடுங்க ஐயா. அவ்வளவு தெரியுந்தானே."

முத்திரை விழுந்த ஆவணத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்றக்கூடாது. வைத்தியர் என்னைப் பார்த்தார். நான் பேனாவைத் திறந்து எங்கள் பிரதியில் அந்த வரியை வெட்டி, அவர் சொன்னபடி எழுதி, பக்கத்தில் சிற்றொப்பமும் வைத்தேன்.