செவ்வாய்க் கிரகத்தில் தாடிக்காரர்

ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறி, மணப்பாறையில் முறுக்குக் கம்பெனி வைத்திருக்கும் ஒருவருடைய பாலக்கரை வீட்டுக்குக் கதை சொல்லப் போனேன். எனக்குத் தெரிந்து சினிமாவில் பணம் போடும் ஆசை தீராதவர் இவர் ஒருவர்தான் மிச்சம். இவரும் கைவிட்டால் கதையைப் பரணில் போட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். இந்த வயதில் அதைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

கதை இதுதான்: உலகத் தொழிலாளர்களை ஒன்று சேரச் சொன்ன ஜெர்மன் தாடிக்காரர், கால இயந்திரத்தில் ஏறிச் செவ்வாய்க் கிரகத்தில் இறங்குகிறார். அங்கே வேலை பார்ப்பதெல்லாம் ரோபோக்கள். வேலைநிறுத்தம் செய்யச் சொல்லித் தொண்டை வறளப் பேசுகிறார். அவை கைதட்டிவிட்டு வேலைக்குத் திரும்பிவிடுகின்றன. சிரிக்க வேண்டிய இடங்களில் நானே சிரித்துக் காட்டினேன்.

முதலாளி கடைசியில்தான் கண்ணைத் திறந்தார்.

“சம்பளம், போனஸ், தீபாவளி லீவு, எதுவும் கேக்காதுங்களா?”

“கேக்காதுங்க. அதுதாங்க காமெடி.”

“காமெடி இருக்கட்டும் சார். அதுக்கு முறுக்கு சுத்த வருமா?”

“அது கதையில வர்றதுங்க.”

“எதுக்கும் விசாரிச்சுச் சொல்லுங்க. கிடைச்சா உங்க படத்தையும் எடுத்துருவோம்.”

திரும்பும் பஸ்ஸிலேயே போனில் தேடினேன். பிழியும் இயந்திரம் கிடைக்கிறது. கையைப் போலச் சுற்றுவது அகப்படவில்லை. அதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. வீட்டில் கேட்டபோது, பேச்சுவார்த்தை நடக்கிறது என்றேன்.