மெல்லிய ஊசி

தாராவியில் பிறந்து வளர்ந்த சுடலைக்கண்ணனின் வலது கையில் 'தமிழன்டா' என்று பச்சை குத்தியிருக்கும். சங்கத்துப் பொங்கல் விழாவில் மைக் கிடைத்தால் விடமாட்டான். தமிழுக்கு ஒன்று என்றால் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் போட்டு முதல் ஆளாகக் கொதிப்பான். எல்லாம் சரி, தமிழ் வாசிக்கத்தான் வராது. கையில் இருப்பதையே, குத்தியவன் சொன்னதை நம்பித்தான் காட்டிக்கொண்டு திரிகிறான்.

இந்தி மீடியத்தில் படித்தவனுக்கு அது ஒரு குற்றமா? இல்லை. மறைத்ததுதான் வினை. கல்யாணமான புதிதில் காலண்டரில் ஒரு வரியை அவன் வாசிக்கப் போய்த் தப்பும் தவறுமாக உளறியபோது, மனைவி இசக்கிசெல்வி சிரித்துவிட்டாள். நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்தவள், பிரியமான சிரிப்புதான். அவனுக்கோ மானம் போனது. அன்றிலிருந்து அவள் எதிரில் தமிழ் எழுத்துப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

தொழில் ஏசி ரிப்பேர். பழைய இசைத்தட்டுகளைப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுப்பது ஆசைக்குத் தொடங்கிய வேலை. மாட்டுங்காவில் ஏசி பார்க்கப் போன இடத்தில் அபயாம்பாள் மாமியிடம் இதைப் பெருமையாகச் சொல்லிவைத்தான். மாமி பீரோவைத் திறந்து ஒரே ஒரு தட்டை எடுத்து வந்தாள். சின்ன வயதிலேயே இறந்துபோன அவளுடைய அக்கா, ஏதோ ஒரு ஸ்டுடியோவில் பாடிப் பதிந்த தட்டு. வேறு பிரதி கிடையாது. அக்காவின் குரல் உலகத்தில் அது ஒன்றில்தான் இருந்தது.

"உறைமேலே எழுதியிருக்கே, படிச்சுட்டியோ?" என்றாள் மாமி.

"படிச்சிட்டேன் மாமி."

நீல மையில் இரண்டு வரிகள். அவனுக்கு அது கோலம்.

உல்லாஸ்நகரில் பழசாக வாங்கிய பிளேயரில் கார்ட்ரிட்ஜ் போயிருந்தது. ஊசியைத் தாங்குகிற சின்னப் பெட்டி அது. லாமிங்டன் ரோட்டு உதிரிபாகக் கடையில் நசீர்பாய் இரண்டை எடுத்து வைத்தார். மலிவானது செராமிக், தட்டின்மேல் கனமாக உட்காரும். மற்றது மேக்னடிக், பூப்போல உட்காரும். ஆனால் விலையும் கூட, அதற்கென்று தனியாக ஒரு ஆம்ப்ளிஃபயரும் வேண்டும்.

"ரெக்கார்டு சாதா ஹை, யா நரம்?" சாதாரணத் தட்டா, மிருதுவானதா என்று கேட்டார் நசீர்பாய். தட்டு மிருதுவானதாக இருந்தால் மலிவானதைத் தொடாதே, சுரண்டிவிடும் என்றும் சொன்னார்.

"சாதா ஹை, பாய்," என்றான் சுடலைக்கண்ணன். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை மட்டும் அவன் வாயில் வராது.

மலிவானதை வாங்கி, வீட்டுக்கு வந்து மாட்டினான். சத்தம் எந்த அளவில் வருகிறது என்று பார்க்க, பதிவு செய்யாமலே ஒருமுறை ஓடவிட்டான். என்ன குரல்! அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்த இசக்கிசெல்வி கரண்டியோடு வந்து நின்றாள். அளவைச் சரிசெய்தான். இரண்டாம் முறை பதிவை அழுத்திவிட்டு ஊசியை வைத்தான்.

கரகரவென்று இரைச்சல்தான் வந்தது. பாட்டு எங்கோ அடியில் கிடந்தது. பதறிப்போய் ஊசியைத் தூக்கினான். அதன் நுனியில் கறுப்பாக ஒரு சுருள் தொங்கியது. முதல் ஓட்டத்திலேயே தட்டு முழுக்கச் சுரண்டிப்போயிருந்தது.

இசக்கிசெல்வி உறையைக் கையில் எடுத்து வாசித்தாள்: "இது மிருதுவான தட்டு. மெல்லிய ஊசியால் மட்டும் போடவும். கனத்த ஊசி பட்டால் குரல் போய்விடும்." பிறகு அவனை நிமிர்ந்து பார்த்தாள். "இத வாசிக்கலயா நீங்க? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா? இங்கனதான இருந்தேன்."

அவள் இந்தமுறை சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

மாட்டுங்காவுக்கு முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போனான். மாமியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை; தரையைப் பார்த்தே எல்லாவற்றையும் சொன்னான். ஊசியைச் சொன்னான், கடையில் சொன்ன பொய்யைச் சொன்னான். கடைசியாக, "எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது மாமி. அன்னைக்குச் சும்மா சொல்லிட்டேன்," என்றான்.

மாமி தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "மொதல் தடவை நன்னா கேட்டுதுன்னியே. எப்படிப் பாடினா?" என்றாள்.

"ரொம்ப நல்லா மாமி. நடுவுல ஒரு இடத்துல பாட்ட விட்டுட்டுச் சிரிச்சிட்டாங்க. திரும்ப எடுத்துப் பாடினாங்க."

மாமியின் முகம் மலர்ந்துவிட்டது. "நான்தான்! ஸ்டுடியோக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னுண்டு பழிப்புக் காட்டினேன். அப்போ எனக்கு ஏழு வயசு. அவ சிரிச்சது எனக்கு மறந்தே போச்சு பாரேன்." அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாட்டு போனாப் போறதுடா. அந்தச் சிரிப்பு மட்டுமாவது அதுல இருக்கோ?"

"இல்ல மாமி," என்றான்.